பிளக் மாற்றினேன், வண்டி உதறுகிறது!

கே: பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு உறவினர் வருகிறார்கள் என்று, காரின் மூன்று பிளக்கையும் நானே மாற்றினேன். இப்போது ஐடிலிங்கில் 'மிஸ்ஸிங்' அடிக்கிறது. பிளக் டூப்ளிகேட்டா? (திருவக்கரை வாசகர்)

ப: பிளக்கைத் திட்டுவதற்கு முன், உங்கள் ஸ்பானர் போன வழியிலேயே ஒருமுறை திரும்பிப் போய்ப் பாருங்கள். நேற்று இல்லாத கோளாறு இன்று வந்தால், கை பட்ட இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். காயில் கனெக்டர் 'கிளிக்' என்று உட்கார்ந்ததா? ஏர் ஃபில்டர் பெட்டிக்காகப் பிடுங்கிய ரப்பர் ஹோஸை மாட்டினீர்களா? அது தொங்கினால் 'உஸ்ஸ்' என்று கேட்கும். கணக்கில் வராத காற்று புகுந்து ஐடிலிங் கெடும்.

பிளக்கையும் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். சாக்கெட் சாய்ந்திருந்தால் வெள்ளைப் பீங்கான் விரிசல் விடும். பென்சில் கோடுபோல் கறுப்புத் தடம் தெரிந்தால், தீப்பொறி அந்த வழியாக ஓடிவிடுகிறது.

எல்லாம் சரியா? மிஸ் ஆகும் சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் காயில்தான் குற்றவாளி. பைசா செலவில்லாத சோதனை. இதைச் செய்யாமல் புதுக் காயில் வாங்காதீர்கள்.

கே: ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் 'டிக் டிக்' வேகமாகிறதே?

ப: பிளக் லூஸாக இருந்தால் புகை கசிந்து அப்படித்தான் கேட்கும். வாஷர் வைத்த புதுப் பிளக்கைக் கையால் இறுகும்வரை திருகி, பிறகு ஸ்பானரில் அரைச் சுற்று கொடுங்கள். பலத்தை அதற்குமேல் காட்டினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். அடியிலிருந்து கனமாக 'டக் டக்' என்றால் மட்டும் உடனே என்ஜினை நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள்.

கே: குவாரி லாரிகள் ஓடும் ஊரில் இருக்கிறோம். தூசியும் காரணமாகுமா?

ப: கட்டாயம் ஆகும்! பிளக் குழியில் கருங்கல் தூள் படிந்திருக்கும். ஊதாமல் பிளக்கைக் கழற்றினால் அது சிலிண்டருக்குள் விழுந்து சுவரையே தேய்க்கும். கழற்றும் முன் காற்றடியுங்கள். ஃபில்டர் பெட்டியின் கிளிப் ஒன்றுகூடத் திறந்திருக்கக் கூடாது.

கே: என்னுடையது பழைய கார்புரேட்டர் மாருதி 800. ஒயர்களைக் குழப்பிவிட்டேன்! (இன்னொரு வாசகர்)

ப: சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-2. இரண்டை மாற்றிச் செருகினால் ஒரே சிலிண்டர்தான் உருப்படியாக எரியும். அடுத்தமுறை கழற்றும் முன் போனில் படம் எடுங்கள்.

கே: என்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. திண்டிவனம் வரை ஓட்டிவிடலாமா?

ப: வேண்டாம். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும். மெக்கானிக்கைத் திருவக்கரைக்கு வரச்சொல்லுங்கள்.