குழாயும் நூலும்

கேள்வி: ஆட்சியை விட்டிறங்கிய ஜெர்மானியர் ஷ்ரோடர் வியாபாரத்தில் அமர்ந்தாரே, நம் மதுரையில் அப்படி எவரேனும் உண்டா? (ஒரு வாசகர், நாகமலை புதுக்கோட்டை)

பதில்: ஏறத்தாழ உண்டு. இலங்கையில் பத்திரிகைப் பணியில் அமர்ந்து, அங்குள்ள இந்தியத் தொழிலாளருக்காக வாதாடி, தாயகம் திரும்பித் தேசிய இயக்கத்திலும் ஈடுபட்ட கருமுத்து தியாகராசச் செட்டியார், மீனாட்சி மில்லை நிறுவி, 1943இல் பாங்க் ஆஃப் மதுராவையும், 1949இல் தம் பெயர் தாங்கிய கல்லூரியையும் ஸ்தாபித்தார். மந்திரி நாற்காலி அவருக்கு வாய்க்கவில்லை. ஆகவே அதன் செல்வாக்கைப் பிற்பாடு விலைபேசும் சிரமமும் அவருக்கு இல்லை.

ஷ்ரோடர் மகாசயரின் மார்க்கம் வேறு. தாம் அதிகாரத்தில் இருந்தபோது ஆசீர்வதித்த ருஷிய எரிவாயுக் குழாய்த் திட்டத்தின் பங்குதாரர் குழுத் தலைமையை, 2005 நவம்பரில் பதவி நீங்கிய அவர், டிசம்பரிலேயே ஏற்க இசைந்தார். இடையில் ஒரு தீர்த்த யாத்திரைக்குக்கூட அவகாசமில்லை! பின்னர் 2017இல் ருஷிய எண்ணெய் நிறுவனமான ராஸ்நெஃப்டின் தலைமையும் கிட்டிற்று. உக்ரைன் யுத்தம் மூண்டபின்னும் ருஷிய சிநேகத்தை விட மனம் வராதிருந்த அவருக்கு, 2022 மே மாதத்தில், முன்னாள் பிரதமர் என்ற கௌரவத்தால் அரசுச் செலவில் நடந்துவந்த காரியாலயத்தை ஜெர்மானியப் பாராளுமன்றத்தின் வரவுசெலவுக் குழு மூடிவிட்டது.