ஷேவர்ஸின் வலது கை

எங்கள் காலத்தில் அமெரிக்காவில் விழுந்த குத்து சென்னைக்கு வந்து சேர இரண்டு நாள் ஆகும். அதுவும் பேப்பரின் கடைசிப் பக்கத்தில், கிரிக்கெட் போக மிச்சமிருந்த இடத்தில், நாலே வரியாக வரும். 1977 அக்டோபர் முதல் வாரத்தில் வந்த அந்த நாலு வரி இன்றும் நினைவிருக்கிறது: நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த உலக ஹெவிவெயிட் பட்டப் போட்டியில் முகமது அலி, எர்னி ஷேவர்ஸை 15 ரவுண்டுகளில் பாயிண்ட் அடிப்படையில் வென்றார். அவ்வளவுதான். யார் இந்த ஷேவர்ஸ், எப்படி நின்றான், எப்படி அடித்தான், அலி ஏன் நாக்-அவுட் செய்யாமல் 15 ரவுண்டு வரை இழுத்தார் என்பதையெல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாங்களே கற்பனை செய்து முடித்துக்கொண்டோம். பார்க்காத சண்டையைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுவதில் இருந்த சுகத்தை, எல்லாவற்றையும் பார்த்துவிட முடிகிற இன்றைய பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது!

அப்புறம் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள் இருந்தன. தூசி தட்டித் தட்டிப் புரட்டினால், நாலைந்து மாதம் பிந்தியாவது ஏதாவது ஒரு அமெரிக்கப் பத்திரிகை கிடைக்கும். அப்படிக் கிடைத்த ஒன்றில்தான் ஷேவர்ஸை முதன்முதலில் பார்த்தேன். மழுங்கச் சிரைத்த தலையில் விளக்கு வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறது. கழுத்தே இல்லையோ என்று தோன்றும்படி தோள்கள். தொடைக்குப் பக்கத்தில் பின்னால் இழுத்து வைத்த வலது கை. அந்தத் தலையைப் பார்த்துத்தான் அலி அவருக்கு 'ஓக் மரத்துக் கொட்டை' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார். புத்தகத்தை வாங்கக் காசில்லை. கடைக்காரர் முறைக்கிற வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

இப்போது அந்த 15 ரவுண்டும் யூடியூபில் முழுசாகக் கிடக்கிறது. இரண்டாவது ரவுண்டைப் பாருங்கள். ஷேவர்ஸின் வலது கை தலைக்கு மேலாக வந்து அலியின் தாடையில் இறங்குகிறது. அலியின் முழங்கால் தளர்கிறது. சட்டென்று அலி கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து, அடிபட்டவனைப் போல நடிக்கிறார். உண்மையில் அடிபட்டவர், அடிபட்டவனைப் போல நடிக்கிறார்! சாம்பியனாக இருந்த ஃபோர்மனைக் கயிற்றோரம் இழுத்துக் களைக்கவைத்து வீழ்த்திய ஆள் ஆயிற்றே, இதுவும் பொறிதான் என்று ஷேவர்ஸ் தயங்கிவிட்டார். மூச்சு தீர்ந்துபோகிற பழைய குறையும் அவருக்கு உண்டு. 15 ரவுண்டுக்கும் சேர்த்து மூச்சைச் சேமித்தாக வேண்டும் என்ற கவலை வேறு. உலகப் பட்டம் அவர் கைக்கு அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுப் போனது.

அந்த இரவில் இன்னொரு புதுமையும் இருந்தது. ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் நடுவர்கள் போட்ட பாயிண்டை என்பிசி தொலைக்காட்சி திரையில் காட்டியது. அலியின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ, உடைமாற்றும் அறையில் டிவி முன்னால் ஓர் ஆளை உட்காரவைத்து, கணக்கைத் தெரிந்துகொண்டே இருந்தார். நாம் முன்னால் இருக்கிறோம், விழாமல் நின்றால் போதும் என்பது அலிக்குத் தெரியும். ஷேவர்ஸ் பக்கம் அந்த ஏற்பாடு இல்லை. 13, 14-ஆம் ரவுண்டுகளில் அவர் அலியைத் தள்ளாடவைத்தார். 15-இல் அலி எங்கிருந்தோ உயிரைத் திரட்டி வந்து அந்த ரவுண்டைப் பறித்துக்கொண்டார். ஹெவிவெயிட் பட்டப் போட்டிக்கு முதன்முதலாக ஒரு பெண், ஈவா ஷெயின், நடுவராக இருந்ததும் அன்றுதான். அந்தச் சண்டைக்குப் பிறகு அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேக்கோ, இனி நீங்கள் சண்டை போடக் கூடாது என்று சொல்லிப் பார்த்து, கேட்காததால் விலகிக்கொண்டார். நாலு வரிச் செய்தியில் இதெல்லாம் எங்கே இருந்தது?

1980-இல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடினார். எதிரே நின்றவர் முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸ். ஊரே அலியைப் பற்றிப் பேசிற்று. அந்த எல்லிஸை 1973-இல் முதல் ரவுண்டிலேயே படுக்கவைத்தவர் ஷேவர்ஸ் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் எல்லிஸை எவ்வளவு மரியாதையோடு பார்த்திருப்போம்!

இன்றைய பிள்ளைகளின் நிலை நேர்மாறு. அவர்களுக்குக் கைப்பேசியில் வருவது 1979 செப்டம்பர், லாஸ் வேகாஸ், ஏழாவது ரவுண்டு. ஒரே குத்தில் அன்றைய சாம்பியன் லாரி ஹோம்ஸ் மல்லாக்க விழும் அரை நிமிடத் துண்டு. ஹோம்ஸ் எழுந்ததும், 11-ஆம் ரவுண்டில் ஷேவர்ஸ் நிற்க முடியாமல் சண்டை நிறுத்தப்பட்டதும் அந்தத் துண்டில் இல்லை. எங்களுக்கு முடிவு மட்டும் தெரிந்தது, குத்து தெரியவில்லை. இவர்களுக்குக் குத்து தெரிகிறது, முடிவு தெரியவில்லை. இரண்டில் எதை வைத்து எடைபோட்டாலும் அந்த மனிதருக்கு நியாயம் கிடைக்காது.

பட்டப் போட்டிகள் இப்போது 12 ரவுண்டுதான். 1982-இல் கொரியாவின் கிம் டுக்-கூ ரிங்கில் அடிபட்டு இறந்த பிறகு வந்த மாற்றம் அது. அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அலியும் ஷேவர்ஸும் கடைசி மூன்று ரவுண்டுகளில் காட்டியதை இனி யாரும் காட்டப்போவதில்லை என்பதும் உண்மை. அன்று பட்டம் கொடுக்க இரண்டு அமைப்புகள், இரண்டு பட்டமும் அலி கையில். இன்று ஒரே எடையில் நாலு பெல்ட். இந்தக் காலத்தில் பிறந்திருந்தால் ஒரு பெல்ட்டாவது ஷேவர்ஸ் இடுப்பில் ஏறியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முன்னாள் சாம்பியன் கென் நார்ட்டனை ஒரே ரவுண்டில் முடித்த கை அது.

2022 செப்டம்பரில் ஷேவர்ஸ் காலமானார். சுமார் 70 நாக்-அவுட்கள், பட்டம் ஒன்றும் இல்லை. தன்னை அவர் அடித்த அடியில் ஆப்பிரிக்காவிலிருக்கும் தன் சொந்தக்காரர்களே ஆடிப்போனார்கள் என்று அலி சொன்னார். மைக் டைசனிடமும் அடி வாங்கிய ஹோம்ஸ், ஷேவர்ஸின் குத்துதான் பெரிது என்றார். இந்த இரண்டு சாட்சியமும் எந்த பெல்ட்டுக்கும் குறைந்தவை அல்ல. 1970-களில் பட்டம் கிடைக்காமல் போன ஹெவிவெயிட்களில் நான் முதலில் எழுதும் பெயர் எர்னி ஷேவர்ஸ். ஜெர்ரி குவாரி அவரை முதல் ரவுண்டிலும், ரான் லைல் ஆறாவது ரவுண்டிலும் வீழ்த்தியது தெரிந்தேதான் சொல்கிறேன்.