17-இல் உலகக் கோப்பை, 37-இல் ஹைதராபாத்

கே: வயதான வெளிநாட்டு ஃபுட்பால்காரர்களுக்கு நம் நாடு பென்ஷன் ஆபீஸா? (திருச்சி)

ப: சிலருக்கு அப்படித்தான். நாலு மாதம் ஆடி, முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு விமானம் ஏறியவர்கள் உண்டு. நைஜீரியாவின் பார்த்தலோமியோ ஓக்பெச்சே அந்த க்யூவில் நிற்கவில்லை. 17 வயதில், 2002 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவை எதிர்த்து இறங்கியவர். பாரிஸ் செயின்ட் ஜெர்மைனில் ரொனால்டினோவோடு ஆடியவர். அப்புறம் ஸ்பெயின், கிரீஸ், இங்கிலாந்து, நெதர்லாந்து என்று டிரான்ஸ்ஃபர் வாத்தியார் பிழைப்பு. 2018-இல் கவுகாத்திக்கு வந்தபோது வயது 34-ஐ நெருங்கியிருந்தது. அங்கிருந்து கொச்சி, மும்பை, கடைசியாக ஹைதராபாத். இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) மொத்தம் 63 கோல். பென்ஷன்தாரர் செய்கிற வேலையா இது?

கே: ஹைதராபாத்தில் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்களா? (சேலம்)

ப: தலை இருந்தது, ஆள்தான் ஊரில் இல்லை! 2021-22-இல் 18 கோல் அடித்து முதலிடம் பிடித்தார். ஆனால் கரோனா காரணமாகப் போட்டி முழுக்கக் கோவாவில். ஹைதராபாத்தின் கச்சிபௌலி மைதானத்தில் புல்தான் வளர்ந்தது. 2022 மார்ச் 20 இறுதி ஆட்டத்திலும் ஒரு வேடிக்கை: கேரளா பிளாஸ்டர்ஸுடன் 1-1. சமன் செய்த கோல் ஓக்பெச்சேயுடையது அல்ல, சாஹில் தவோராவுடையது. பெனால்டியில் மூன்றைத் தடுத்து, 3-1 என்று கோப்பையைக் கையில் கொடுத்தவர் கோல்கீப்பர் கட்டிமணி. வருஷமெல்லாம் சமைத்தவர் ஒருவர், பந்தியில் பேர் வாங்கியவர் இன்னொருவர்.

கே: ஹைதராபாத் என்றால் கிரிக்கெட்தானே, சார்? (வேலூர்)

ப: அசாருதீன் பிறக்கும் முன்பே அது ஃபுட்பால் ஊர். ரஹீம் பயிற்சியில் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து முறை தொடர்ந்து, பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை வென்றது. பம்பாய்க்காரர்கள் எப்படிப் பொறுத்துக்கொண்டார்களோ!

கே: இதில் நம்மாள் யாராவது? (மதுரை)

ப: இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பீட்டர் தங்கராஜ், ஹைதராபாத்தில் பிறந்தவர். முன்வரிசை ஆட்டக்காரராகத் தொடங்கி கோல்கீப்பர் ஆனவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றபோது இறுதி ஆட்டத்தில் கோலைக் காத்தவர். பயிற்சியாளர்? அதே ரஹீம்.

கே: ஓக்பெச்சே போன பிறகு அணி எப்படி இருக்கிறது? (கோவை)

ப: 2019-இல் புனே அணி கலைந்த இடத்தில் முளைத்த அணி அது. 2025-இல் டெல்லிக்குக் குடிபோய்ப் பெயரையும் மாற்றிக்கொண்டது. ஓக்பெச்சே பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு அலைந்தார். இவர்கள் வீட்டையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.