கம்பெனி டேப்பு

தாமிர ஆலை வந்தால் என்ன ஆகும் என்று ரத்னகிரி மாம்பழ விவசாயிகளுக்கு 1993லேயே தெரிந்துவிட்டது. விரட்டினார்கள். வந்தாரை வாழவைக்கும் நாம் விடுவோமா? 1994ல் முதலமைச்சரே தூத்துக்குடிக்கு வந்து அதே ஸ்டெர்லைட் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார். ஊர்க்காரர்களைக் கேட்டார்களா என்று கேட்காதீர்கள். கேட்டுவிட்டா கல் நாட்டுவார்கள்?

நிபந்தனைக்குக் குறைச்சல் இல்லை. மன்னார் வளைகுடாவிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று எழுதியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 1998ல் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான நீரி வந்து பார்த்தால், 14. கடல்தான் நகர்ந்து வந்திருக்க வேண்டும். ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலத்துக்கு மரம் என்றார்கள். கம்பெனி மனுப் போட்டது. சரி, 25 போதும் என்றார்கள். மரம் முளைக்கும் முன்பே ஒரு பூஜ்யம் உதிர்ந்தது.

2013 மார்ச் 23 காலையில் ஊரே இருமியது. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. கந்தக டை ஆக்சைடு என்றார்கள் மக்கள். எங்களிடமிருந்து இல்லை என்றது கம்பெனி. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஜலதோஷம் போலும். பத்தாம் நாள், பழைய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மாசுபடுத்தியதற்கு 100 கோடி ரூபாய் கட்டு, ஆலையை ஓட்டு. வரி, வட்டி கழிக்குமுன் வந்த ஓராண்டு லாபத்தில் அது பத்தில் ஒரு பங்கு. ஹெல்மெட் போடாத கூலிக்காரன் கட்டும் அபராதத்தில் அவனுடைய ஒரு நாள் கூலியே போய்விடுகிறது.

அப்புறம் 4 லட்சம் டன் உற்பத்தியை 8 லட்சமாக்கக் கிளம்பினார்கள். சுருங்கியே பழகிய டேப்பு இதற்கு மட்டும் நீண்டது. 2018ல் ஆலையை அடுத்த குமரெட்டியாபுரம் மக்கள் வேண்டாம் என்று மரத்தடியில் உட்கார்ந்தார்கள். (மரம் ஊருக்குள்தான் இருந்தது.) 99 நாள் முதலமைச்சர் எட்டிப் பார்க்கவில்லை. மே 22, நூறாவது நாள், கலெக்டர் ஆபீசுக்கு நடந்தார்கள். துப்பாக்கி வந்து பார்த்தது. மறுநாளையும் சேர்த்து 13 பேர். இருபது வருஷமாக ஒன்றையும் ஒழுங்காக அளக்காத அரசுக்கு அன்று குறி தப்பவில்லை. தலை. மார்பு.

டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் அன்றைய முதலமைச்சர். ஆறே நாளில் ஆலைக்கு நிரந்தரப் பூட்டு. அதே அரசு, அதே பேனா.

சுடச் சொன்னது யார்? கலெக்டர் இல்லை, மந்திரி இல்லை. துணைத் தாசில்தார்கள் என்றது எஃப்.ஐ.ஆர். செத்தவர் வீட்டுக்காரர்கள் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டியதும் தாசில்தாரிடம்தான்.