மூன்றாம் அடாப்டரும் தேங்காய்ச் சட்னியும்: ஒரு களஆய்வு

திண்டிவனம் என்பது புளியங்காடு; திந்திரிணி வனம் மருவிற்று என்பர். விழுப்புரத்துக்குப் பெயர்க்காரணம் சொல்வோர் பலர். வைஃபை விழுகிற புரம் என்பது என் துணிபு. மறுப்போர் அங்குள்ள எங்கள் பெரியம்மா வீட்டு மாடியறையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுக்கலாம்.

ஆய்வுப்பொருள், அவ்வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு பவர்லைன் அடாப்டரோடு மூன்றாவதைச் சேர்த்தல். சுவருக்குள் 230 வோல்ட் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்க, அதே கம்பியில் 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசைகளில் இணையத்தை ஏற்றி அனுப்புவது இக்கருவி. ஐஇஇஇ 1901 என்ற பொது இலக்கணம் இதற்கு 2010-இல்தான் வந்தது. அதை வைத்துப் புதுமை என்று மயங்க வேண்டாம். துணைமின் நிலையங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உயர் அழுத்தக் கம்பியிலேயே குரலை ஏற்றும் வழக்கம் பல பத்தாண்டுப் பழசு. அங்கே கம்பியில் பீப்பாய் போல ஒன்று தொங்கும். அது குரல் வேண்டாத பக்கம் போகாமல் மறிக்கும் வேவ் ட்ராப்.

புதியதைச் சேர்க்கும் சடங்கு எளிது. பழைய அடாப்டரின் பொத்தானை அமுக்கி, இரண்டு நிமிடத்துக்குள் புதியதன் பொத்தானை அமுக்க வேண்டும். முதல் இரண்டு நாள் கீழிருந்து நானும் மேலிருந்து அக்கா மகனும் “அமுக்கிட்டியா?”, “எப்ப மாமா?” என்று தெருவே கேட்கக் கத்தினோம். இரண்டையும் ஒரே அறையில் செருகி ஜோடி சேர்த்துவிட்டு, அப்புறம் மாடிக்குத் தூக்கிப் போனால் போதும் என்பது மூன்றாம் நாள் கண்டுபிடிப்பு. ஸ்பைக் பஸ்டரில் செருகக் கூடாது, அது சிக்னலையும் தின்றுவிடும் என்பது நான்காம் நாளது.

சேர்த்தும் வேகம் கூடவில்லை. கம்பி ஒன்றுதான், ஒரு நேரத்தில் ஓர் அடாப்டர்தான் பேசலாம். காட்பாடி லைனில் ஒரு வண்டியைக் கிராஸிங்குக்குப் போட்டுவிட்டு மற்றதை விடுவது போல, மற்றவை காத்திருக்கும். ஆள் கூடக் கூட ரசத்தில் தண்ணீர் விடுகிற கணக்குதான்.

இனி ஆய்வின் உயிர்நாடிக்கு வருவோம். தினமும் காலை 7.40-க்கு இணைப்பு அறுந்தது. பழி முதலில் கிரைண்டர் மேல் விழுந்தது, அநியாயம். கிரைண்டர் மோட்டாரில் கார்பன் பிரஷ் கிடையாது. மிக்ஸியில் உண்டு. பிரஷ்ஷில் தெறிக்கும் தீப்பொறி வீட்டுக் கம்பி முழுவதும் இரைச்சலை இறைக்கிறது. ஆகவே இட்லி நிரபராதி, குற்றவாளி சட்னி. இந்த முடிவைச் சமர்ப்பித்தபோது பெரியம்மா, “அப்ப நாளையிலேர்ந்து பொடி தொட்டுக்குங்க” என்றார். ஆய்வுக்குழு முடிவை உடனே திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஒப்பாய்வுக்காக மூன்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்துத் திண்டிவனம் சித்தப்பா வீட்டுக்குப் போனோம். பெரியம்மா வீடு சிங்கிள் ஃபேஸ். இது த்ரீ ஃபேஸ். கீழ் ஹால் ஒரு ஃபேஸிலும் மாடி வேறொன்றிலும் இருக்க, மாடி அடாப்டர் சிவப்பைத் தவிர வேறு நிறம் காட்டவில்லை. ஒரு ஃபேஸில் ஏறிய சிக்னல் அடுத்ததற்குத் தாவுவது அரிது. தாவினாலும் குற்றுயிராகத்தான் வந்து சேரும். இதை நான் வரைபடம் போட்டு விளக்கிக்கொண்டிருக்கையில் சித்தப்பா எழுந்து போய் ஃபேஸ் சேஞ்சரைத் திருப்பி மாடியையும் ஹாலின் ஃபேஸுக்கே கொண்டுவந்தார். அடாப்டரில் பச்சை எரிந்தது.

“கரண்ட் போனா நான் தெனம் பண்றதுதான்டா இது. இதுக்கா ஆராய்ச்சி?”

கரண்ட் போனால் இன்னொரு சிக்கலும் உண்டு. இன்வெர்ட்டர் அங்கே லைட், ஃபேன், மோடம் மூன்றுக்கு மட்டும். சாதாரண பிளக்கில் செருகிய அடாப்டர் அணைந்துவிடும். அதை விரிவாக ஆராயச் சித்தப்பா அனுமதிக்கவில்லை.

மூன்றாம் அடாப்டர் இப்போது விழுப்புரத்தில் சமையலறைக்கு வெளியே நடையில் இருக்கிறது. அதில் யாரும் எதையும் இணைக்கவில்லை. போன வாரம் கழற்றப் போனேன். “அது கெடக்கட்டும்டா,” என்றார் பெரியம்மா, “ராத்திரி பாத்ரூம் போறதுக்கு வெளிச்சமா இருக்கு.”