இந்தப் பக்கம் மேலே

குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வரும் படங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: நிமிர்ந்தவை, படுத்தவை, தலைகீழானவை. 'இனிய காலை வணக்கம்' சொல்லும் ரோஜாப்பூவும் முருகன் படமும் மட்டும் எப்போதும் நிமிர்ந்தே வரும். அவை நம்மவர்கள் யாரும் எடுத்தவை அல்ல. ஊரிலுள்ள எல்லாக் குழுக்களையும் சுற்றிவிட்டு நம்மிடம் வந்து சேர்பவை. சொந்தக் கையால் எடுத்து அனுப்பும் படங்கள்தான் படுத்துக்கொள்ளும். அதிலும் உடனே பார்த்தாக வேண்டிய படம் என்றால் கட்டாயம் படுத்துத்தான் வரும். மருந்துச் சீட்டு, கரண்ட் பில், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, ஜாதகம்.

படுத்த படத்தைப் பார்க்க எங்கள் வீட்டில் ஆளுக்கொரு ஆசனம் உண்டு. அத்தை கழுத்தைச் சாய்ப்பார். தாத்தா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துவிடுவார். படமும் படுத்திருக்கிறது, தானும் படுத்தாயிற்று, கணக்கு சரி என்பது அவர் கட்சி. சித்தப்பா போனைத் திருப்புவார். போனைத் திருப்பினால் படமும் கூடவே திரும்பி மறுபடி படுத்துக்கொள்ளும். அவர் இந்தப் பக்கம் திருப்ப, அது அந்தப் பக்கம் புரள, இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் மல்யுத்தம் நடக்கும். கடைசியில் போனை அசையாமல் மேசைமேல் கிடத்திவிட்டு, மேசையைச் சுற்றி நடந்து பக்கவாட்டில் போய் நின்று படிப்பார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அறிவியல்படி அது அப்பழுக்கற்ற தீர்வு. காரணம் பிறகு வருகிறது.

இந்த ஆசனங்களுக்கெல்லாம் உடம்பு வளையாதபோது கூப்பிடுவது என்னைத்தான். ரைஸ் மில் மோட்டார் ரிப்பேருக்கு ஒருவர், டிவி பெட்டிக்கு ஒருவர் என்று ஊரில் இருப்பதுபோல், படம் திருப்புவதற்கு நான் என்று சொந்தபந்தத்தில் பெயர் விழுந்துவிட்டது. போன வாரம் பெரியப்பா கூப்பிட்டார்.

"டேய், இந்த போன் கெட்டுப்போச்சு. பொண்ணு ஜாதகத்தைத் தரகருக்கு அனுப்பினேன். அது கவுந்து போய்ச் சேர்ந்திருக்கு."

"போன் கெடல பெரியப்பா. மேசைமேல வெச்சு, நேர் மேலேர்ந்து எடுத்தீங்களா?"

"பின்ன, ஜாதகத்தைச் செவுத்துல ஒட்டியா எடுப்பாங்க?"

நியாயமான கேள்வி. படத்தைப் பார்த்தேன். நம்மூர் ராசிக் கட்டம் சதுரம். எப்படித் திருப்பினாலும் சதுரம்தான். இடது மேல் மூலையில் மீனம், அங்கிருந்து வலப்பக்கமாக மேஷம், ரிஷபம், மிதுனம் என்று இடம் நிலையானது. ராசியின் பெயரைக்கூட யாரும் எழுதுவதில்லை. இடத்தை வைத்தே தெரிந்துகொள்வார்கள். படம் கவிழ்ந்ததில் மீனத்தின் மூலைக்குக் கன்னி வந்துவிட்டது. கன்னியில் இருந்த குரு, மீனத்தில் ஆட்சி பெற்று அமர்ந்துவிட்டார். தரகர் எழுத்து கவிழ்ந்திருப்பதைக் கவனித்துக் கேட்டிருக்காவிட்டால், பெரியப்பா மகளுக்கு ஒரு பரிகாரமும் இல்லாமல் யோகம் அடித்திருக்கும்.

இது பெரியப்பாவின் பிழையல்ல, புவியீர்ப்பின் பிழை. போனுக்குள் முடுக்கமானி என்று ஓர் உணரி இருக்கிறது. சிலிக்கனில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன எடை ஒன்று, அதைவிடச் சின்ன ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. பூமி அதை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதுதான் கீழ், அதற்கு எதிர்ப்பக்கம் மேல். போனை நிமிர்த்திப் பிடித்தாலும் பக்கவாட்டில் பிடித்தாலும் இதற்குக் குழப்பம் கிடையாது. ஆனால் மேசைக்கு இணையாக மட்டமாகப் பிடித்தால் இழுவிசை போனின் முதுகு வழியாக நேரே கீழே போய்விடும். போனின் நான்கு விளிம்புகளில் எது மேல் என்று சொல்ல அதனிடம் ஆதாரமே இல்லை. கடைசியாகத் தெரிந்த நிலவரத்தை வைத்தே படத்தைப் பதிந்துவிடும். தரையையும் மேசையையும் பார்த்து எடுக்கும் படங்கள் மட்டும் குறிபார்த்துக் கவிழ்வது இதனால்தான்.

சித்தப்பாவின் மேசை வித்தை பலிப்பதும் இதே காரணத்தால்தான். மட்டமாகக் கிடக்கும் போனுக்கு மேல் எது என்று தெரியாததால் திரையை எந்தப் பக்கமும் திருப்பாது. சித்தப்பா அதன் அறியாமையைப் பயன்படுத்திக்கொண்டார்.

சரி, மேல் எது என்று தெரிந்துகொண்ட பிறகாவது போன் படத்தைத் திருப்பி வைக்கிறதா? பெரும்பாலும் இல்லை. கேமராவின் உணரி போனுக்குள் ஒரே நிலையில் பொருத்தப்பட்டது. நாம் எப்படிப் பிடித்தாலும் அதன்மேல் விழும் ஒளியை அதன் வரிசைப்படியே கோப்பில் எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு குறிப்பை மட்டும் வைத்துவிடுகிறது: 'காட்டும்போது இப்படித் திருப்பிக் காட்டவும்.' படத்தோடு இப்படிக் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் முறைக்கு எக்ஸிஃப் என்று பெயர். ஜப்பானிய மின்னணுத் துறைச் சங்கம் ஒன்று 1995-இல் வெளியிட்டது. எடுத்த தேதி, நேரம், கேமராவின் பெயர் எல்லாம் அதற்குள் இருக்கும். திசையைச் சொல்லும் புலத்தின் எண் 274. அதில் 1 முதல் 8 வரை ஏதாவது ஓர் எண் இருக்கும். 1 என்றால் உள்ளபடியே காட்டலாம். 3 என்றால் தலைகீழ், நேராக்க வேண்டும். 6 என்றால் வலப்பக்கமாகக் கால் சுற்று, 8 என்றால் இடப்பக்கமாகக் கால் சுற்று. மீதி நான்கும் கண்ணாடி பிம்பம்போல் இடம் வலம் மாறியவற்றுக்கு. நாம் போனை நிமிர்த்திப் பிடித்து எடுக்கும் படங்கள் பல, கோப்புக்குள் 6 என்ற எண்ணைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேதான் கிடக்கின்றன.

ஃபிரிட்ஜ் வரும் அட்டைப்பெட்டியில் அம்புக்குறி போட்டு 'இந்தப் பக்கம் மேலே' என்று அச்சடித்திருப்பார்களே, இந்த 6 அதேதான். இறக்குபவர் படித்தால் பெட்டி நிமிர்ந்து வரும்; படிக்காவிட்டால் படுத்து வரும். போனில் நேராக இருந்த படம் வேறு இடத்துக்குப் போனதும் சாய்ந்துவிட்டால், அங்கே அம்புக்குறியைப் பார்க்காத ஓர் ஆள் இருக்கிறார் என்று பொருள். பழைய மென்பொருள்கள் பல இதைச் சட்டை செய்ததே இல்லை. குரோம் உலாவிகூட இணையப் பக்கத்துப் படங்களுக்கு இந்தக் குறிப்பை வழக்கமாகப் படிக்கத் தொடங்கியது 2020-இல்தான். அட்டைப்பெட்டியில் அச்சடித்து 25 வருடம் கழித்து.

படிக்காதவர்களையாவது மன்னிக்கலாம். அரைகுறையாக உதவி செய்பவர்கள் இன்னும் ஆபத்து. ஒரு மென்பொருள் படத்தை உண்மையாகவே நிமிர்த்திச் சேமித்துவிட்டு, பழைய 6-ஐ அழிக்க மறந்துவிடும். அடுத்துத் திறக்கும் போன் அந்த 6-ஐப் பக்தியோடு படித்து, நிமிர்ந்த படத்தை இன்னொரு கால் சுற்று சுற்றிவிடும். இரண்டு பேரும் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். படம் படுத்துவிட்டது.

இதற்கு என் அத்தை மகளின் ஹால் டிக்கெட் சாட்சி. ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது போனில் நேராகத்தான் இருந்தது படம். விண்ணப்பத் தளத்தில் ஏற்றியதும் பக்கவாட்டில் சாய்ந்தது. கடைசி நாள் இரவு. மறுபடி ஏற்றத் தளம் இடம் கொடுக்கவில்லை. ஹால் டிக்கெட்டில் அவள் அழகாகத் தூங்கிக்கொண்டு வந்தாள். தேர்வு அறைக் கண்காணிப்பாளர் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவள் சட்டென்று தன் தலையையும் அதே பக்கம் சாய்த்துக் காட்டினாள். ஒற்றுமை உறுதியாகி, கையெழுத்து போட்டு உள்ளே விட்டுவிட்டார்.

ஹால் டிக்கெட்டாவது ஒருவர் பாடு. இலை குடும்பத்தின் பாடு. வளைகாப்புப் பந்தியில் சித்தி ஓர் இலையை மேலிருந்து படமெடுத்துக் குழுவில் போட்டார். ஐந்தாவது நிமிடம் வெளியூர் அத்தை எழுதினார்: "நுனி இலை வலது பக்கமா இருக்கு. நல்ல காரியத்துல யாரு இப்படி இலை போட்டது?" நுனி சாப்பிடுபவரின் இடக்கைப் பக்கம் வர வேண்டும் என்பது நம் வீடுகளில் அரசியல் சட்டத்துக்கு முந்திய சட்டம். சம்பந்தி வீட்டாரும் குழுவில் இருந்தார்கள். சமையல்காரரைக் கேட்டார்கள், பரிமாறிய பையனைக் கேட்டார்கள். நான் படத்தைப் பார்த்தேன். ஊறுகாயும் பொரியலும் கீழே இருந்தன, சோறும் சாம்பாரும் மேலே. இலை சரியாகத்தான் போடப்பட்டிருக்கிறது; படம்தான் எதிர்ப்பந்தியிலிருந்து பார்க்கிறது. அரைச் சுற்று திருப்பிப் போட்டேன். "இப்ப சரியா இருக்கு" என்று அத்தை கைகூப்பினார். சாப்பாடு முடிந்து, இலை எடுத்து, கை கழுவி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

சித்திக்கு ஆறுதல் சொல்லப் பெரிய இடத்து உதாரணங்கள் கைவசம் உண்டு. 1961-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஹென்றி மத்தீஸின் 'படகு' என்ற படைப்பு 47 நாட்கள் தலைகீழாகத் தொங்கியது. படகும் தண்ணீரில் அதன் நிழலும்தான் படம். கலை நிபுணர்கள் வந்தார்கள், நின்றார்கள், தலையாட்டினார்கள், போனார்கள். பார்வையாளராக வந்த ஒரு பெண்மணிதான் நிழல் மேலே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். பீட் மோந்திரியான் வண்ண ஒட்டுநாடாக்களால் 1941-இல் செய்த 'நியூயார்க் சிட்டி 1' இன்னும் மேல். அது பல பத்தாண்டுகளாகத் தலைகீழாகவே தொங்குகிறது என்று 2022-இல் ஜெர்மனியில் அதை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தாரே கருத்துச் சொன்னார்கள். திருப்பினார்களா? இல்லை. இப்போது திருப்பினால் பழைய நாடாக்கள் பிய்ந்து விழுந்துவிடலாம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

நாசாவே திருப்பியிருக்கிறது. 1972 டிசம்பர் 7 அன்று அப்பல்லோ 17 வீரர்கள் நிலவுக்குப் போகும் வழியில் எடுத்த முழு பூமிப் படம், நீலக் கோலிக்குண்டு என்று உலகமே கொண்டாடும் படம், எடுத்தபோது தென்துருவம் மேலே இருக்கும்படிதான் விழுந்தது. நாம் பார்த்துப் பழகிய வரைபடத்துக்கு ஒத்துப்போக வடக்கு மேலே வருமாறு திருப்பி வெளியிட்டார்கள். அங்கே எடை கிடையாது. எது மேல் என்று சொல்ல ஸ்பிரிங்கில் தொங்கும் எடையாலும் முடியாது. மேசைமேல் ஜாதகம் எடுத்த பெரியப்பாவும் விண்வெளி வீரரும் ஒரே சிக்கலில்தான் இருந்திருக்கிறார்கள். பெரியப்பாவிடம் சொன்னேன். "அவங்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஆள் இருந்தது, எனக்கு நீ இருக்கே" என்றார்.

ஆள் தேவையில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும். படத்தைத் திறந்து, 'எடிட்' தொட்டு, 'கிராப்' பக்கம் போனால் வளைந்த அம்புக்குறி ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் கால் சுற்று. என் போனில் அது இடப்பக்கமாக மட்டுமே சுற்றும். வலப்பக்கம் ஒரு கால் சுற்று வேண்டுமென்றால் இடப்பக்கமாக மூன்று முறை தட்ட வேண்டும், பிரதட்சணத்தை அப்பிரதட்சணமாகச் செய்வதுபோல். நேரானதும் சேமித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன் வரும் திரையிலேயே இந்த வசதி இருக்கிறது.

எடுக்கும்போதே தடுக்கவும் வழி உண்டு. காகிதத்தை மேசையில் வைத்ததும் போனை ஒருமுறை நன்றாக நிமிர்த்திப் பிடியுங்கள். கேமரா திரையில் இருக்கும் பிளாஷ் போன்ற குறிகள் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள்; போன் மனதில் வைத்திருக்கும் 'மேல்' அதுதான். பிறகு மெதுவாகக் கீழே சாய்த்து எடுங்கள். முற்றிலும் மட்டமாக்காமல் கொஞ்சம் சாய்வாக விட்டால் இன்னும் நல்லது.

மோந்திரியான் படத்துக்கு எது மேல் என்று இன்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. உங்கள் மருந்துச் சீட்டுக்கு ஆள் இருக்கிறது, எடுத்தவர் நீங்கள்தான். எது மேல் என்று உணரிக்குத் தெரியாமல் போகலாம், மென்பொருள் படிக்காமல் விடலாம், பார்ப்பவர் குழம்பலாம். பக்கத்தில் நின்று எடுத்த உங்களுக்கு மட்டும் அது சந்தேகமில்லாமல் தெரியும். அதனால் அனுப்பும் பொத்தானைத் தொடுவதற்கு முன் ஒரு நொடி பார்த்து, படுத்திருந்தால் நீங்களே நிமிர்த்தி அனுப்பிவிடுங்கள். குழுவில் இருக்கும் அத்தனை பேர் கழுத்தும் உங்களை வாழ்த்தும்.