வராத மெயில்

தீபாவளிக்கு எட்டு நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, விருதுநகரில் ஒரு குடும்பஸ்தன் செய்வதற்கு எத்தனையோ வேலை உண்டு. ஒட்டடை அடிக்கலாம். மில்லுக்குப் போய் முறுக்குக்கு மாவு திரித்து வரலாம். சாத்தூர் காராச்சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் வாங்கி வந்து நல்ல பெயர் எடுக்கலாம். நான் விண்டோஸ் போட்டேன்.

காரணம் இல்லாமல் இல்லை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமையோடு சோறு தண்ணி நிறுத்தம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. 11-ஐப் போடலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்று ஏதோ ஒன்று வேண்டுமாம். என் கம்ப்யூட்டர் அது தன்னிடம் இல்லை என்று கையை விரித்துவிட்டது. விவரமானவன் அதோடு விட்டிருப்பான். நானோ, 'பத்தையே புதுசாகப் போட்டால் வேகமாவது கூடுமே' என்று யோசித்தேன். செவ்வாய்க்கிழமை இடிக்கப்போகிற வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வெள்ளையடித்தவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். சிவகாசி அச்சகம் ஒன்றுக்கு வெளியூரிலிருந்து காலண்டர் ஆர்டர் பிடித்துக்கொடுத்து கமிஷன் வாங்குகிறவன். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்து ஆல்பம் வந்துவிடும். அன்றிலிருந்து மார்கழி வரைக்கும் எனக்கு மெயில்தான் சோறு. முருகனை எடுத்துவிட்டு லட்சுமியைப் போடுங்கள், கடைப் பெயரில் 'ஸ்டோர்ஸ்' பெரிதாக வேண்டும், முதலாளி படத்தில் மீசையைக் கொஞ்சம் கறுப்பாக்குங்கள் என்று வந்தபடி இருக்கும். எல்லாம் முடிந்து கடைசியில் 'ப்ரூஃப் ஓகே' என்று ஒரு மெயில் வரும். அந்த ஒரு வரிதான் எங்கள் பிழைப்புக்குப் பத்திரம். தை மாதம் ஒருத்தர் போன் போட்டு, "எங்க நம்பரைத் தப்பா அடிச்சுட்டீங்களே அண்ணாச்சி" என்று பாய்வார். நான் நிதானமாக அந்த மெயிலைத் தேடி எடுத்து அவருக்கே திருப்பி அனுப்புவேன். அப்புறம் போன் வராது. எழுத்தில் இருப்பதை யாரும் மறுக்க முடியாது என்று மனைவியிடம் இதைப் பெருமையாகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஏன் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது.

2007-லிருந்து மெயிலுக்குத் தண்டர்பேர்ட்தான். அதற்கு முன்னால் அவுட்லுக் எக்ஸ்பிரஸ். பதினெட்டு வருஷ மெயிலும் என் கம்ப்யூட்டரில் மட்டும். பாப் என்கிற பழைய முறை அது. தபால்காரர் கொண்டுவந்து வீட்டில் போட்டுவிட்டுப் போவது மாதிரி, சர்வரிலிருந்து இறங்கியதும் அங்கே உள்ள நகல் போய்விடும். 'சர்வரிலும் ஒரு நகல் இருக்கட்டும்' என்று ஒரு டிக் அடித்திருந்தால் தீர்ந்தது. அந்தக் காலத்தில் சர்வரில் கொடுத்த இடம் கொசுறு அளவு, அதனால் அடிக்கவில்லை. பிறகு இடம் கூடியது, நான் கூடவில்லை.

விண்டோஸ் போடுவதற்கு முன்னால் முக்கியமானதையெல்லாம் எடுத்துவைக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். டி டிரைவில் 'முக்கியம்' என்று ஒரு ஃபோல்டர் போட்டேன். நானூறு சினிமாப் பாட்டு, மச்சினி கல்யாண வீடியோ, 2016-ஆம் வருஷத்துக் கரண்ட் பில், பழனிக்குப் போன போட்டோக்கள், அதே போட்டோக்கள் இன்னொரு தடவை. மெயில்? டெஸ்க்டாப்பில் தண்டர்பேர்ட் என்று நீலப்பறவை உட்கார்ந்திருந்ததே, அதைப் பிடித்து 'முக்கியம்' உள்ளே போட்டேன். கண் இமைப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. பதினெட்டு வருஷம் இரண்டு கேபிதானா என்று ஒரு கணம்கூட எனக்கு உறைக்கவில்லை. இந்தக் காலத்து டெக்னாலஜி என்னமாய்ச் சுருக்குகிறது என்று வியந்தேன். அது வெறும் ஷார்ட்கட். வீட்டுச் சாமானைக் கட்டி எடுக்கச் சொன்னால், வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தவன் கதை.

விண்டோஸ் போட்டு முடித்து, தண்டர்பேர்டையும் இறக்கித் திறந்தேன். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டது. பதினெட்டு வருஷம் கூடவே குடித்தனம் செய்துவிட்டுப் பெயரைக் கேட்கிறது! 'முக்கியம்' உள்ளே இருந்த பறவையைக் கிளிக் செய்தேன். அதுவும் பெயர்தான் கேட்டது.

அப்பாவின் கணக்கு ஞாபகம் வந்தது. அவர் மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் கணக்குப்பிள்ளை. அவர் எழுதிய பேரேடுகள் எங்கள் பரணில் தகரப்பெட்டியில் இன்னும் இருக்கின்றன. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. நடுவில் உள்ள எழுத்து, யார் எத்தனை மூட்டைக்கு எவ்வளவு பாக்கி என்று, கல்லில் வெட்டினாற்போல் நிற்கிறது. பாக்கி வைத்தவர்களும் போய்விட்டார்கள், வசூலிக்க வேண்டியவரும் போய்விட்டார். கணக்கு இருக்கிறது.

எங்கள் மாவட்டத்துக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரு பங்காளிச் சண்டையே உண்டு. ராஜபாளையம் பக்கம் முகவூரில் சின்ன வயதில் வளர்ந்து, ஏழு வயதில் அமெரிக்கா போனவர் சிவா அய்யாதுரை. 1978-இல், பதினாலு வயதில், நியூஜெர்சி மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காக 'ஈமெயில்' என்ற பெயரிலேயே ஒரு புரோகிராம் எழுதினார். 1982-இல் அதற்குப் பதிப்புரிமைப் பதிவும் வாங்கினார். ஆகவே ஈமெயிலைக் கண்டுபிடித்தவர் தானே என்பது அவர் கட்சி. ரே டாம்லின்சன் 1971-லேயே 'அட்' குறி போட்டு ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிவிட்டாரே என்பது மற்றவர்கள் கட்சி; விவரம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். டீக்கடையில் நான் முகவூருக்காக எவ்வளவோ வாதாடியிருக்கிறேன். அன்றைக்கு ஈமெயிலை யார் கண்டுபிடித்தால் எனக்கென்ன? என் மெயிலைக் கண்டுபிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். நான் திண்ணையில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து, வீட்டில் துக்கம் என்று நினைத்தே வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"எல்லாத்தையும் ஒரே ரூம்லயா வச்சிருந்தீக அண்ணாச்சி?"

"ஆமா தம்பி."

"எங்க ஆலையில ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல உக்கார விடமாட்டோம். ரூமுக்கும் ரூமுக்கும் நடுவுல இடம் விட்டுருப்போம். அன்னன்னைக்குச் செஞ்சதை அங்கனயே குவிச்சு வைக்கக் கூடாது. ஒண்ணு போனா ஒண்ணோட போகணும்ல."

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்துக்குப் பிறகு இந்தப் பேச்சை அவர் யாரிடமும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை. காலண்டர் காகிதத்துக்கு இவ்வளவு பெரிய உதாரணம் வேண்டுமா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் மகளை அனுப்பிவைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறவள்.

அவள் வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "மாமா, டிரைவை ஃபார்மட் பண்ணீங்களா?"

அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அடிவயிறு கலங்கும். அதனால் அந்தப் பொத்தானைத் தொடவில்லை என்றேன். நடுவில் ஏதோ எச்சரிக்கை வந்தது, படிக்காமலே ஓகே கொடுத்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டேன்.

"நல்லதாப் போச்சு" என்றாள். என் அறியாமையை இத்தனை மரியாதையாக யாரும் நடத்தியதில்லை. ஃபார்மட் செய்யாமல் அதே இடத்தில் விண்டோஸ் போட்டால், பழைய சாமான்களையெல்லாம் 'விண்டோஸ் ஓல்டு' என்ற ஃபோல்டருக்குள் ஒதுக்கி வைத்துவிடுமாம். புதுப்பானை வாங்கினாலும் பழைய பானையைத் தூக்கி எறியாமல் கொல்லையில் வைப்பார்களே, அப்படி. அதற்கும் நாள் கணக்கு உண்டு, ரொம்ப நாள் விட்டால் விண்டோஸே துடைத்துவிடும் என்றாள்.

உள்ளே போனோம். யூசர்ஸ், அதற்குள் என் பெயர். "இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை" என்றது. என் பெயரில் உள்ள ஃபோல்டர், என் வீட்டில், நான் கட்டுகிற கரண்ட் பில்லில்! அவள் அலட்டிக்கொள்ளாமல் 'தொடர்க' கொடுத்தாள். அடுத்து ஆப்டேட்டா என்று ஓர் அறை. அது கண்ணுக்கே தெரியாது, மறைந்திருப்பதைக் காட்டு என்று தனியாகச் சொன்னால்தான் தெரியும். அதற்குள் ரோமிங், அதற்குள் தண்டர்பேர்ட், அதற்குள் ப்ரொஃபைல்ஸ். கொலுப்படி போலப் படிப்படியாக இறங்கிக்கொண்டே இருந்தோம்.

கடைசியில் இரண்டு ஃபோல்டர். இரண்டுக்கும் முன்னால் அர்த்தமில்லாத எட்டு எழுத்து. ஒன்று 'டீஃபால்ட்' என்று முடிந்தது, இன்னொன்று 'டீஃபால்ட் ரிலீஸ்' என்று. "இதுதான்" என்று நான் அடித்துச் சொன்னது முதலாவது. அது காலி. அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதில் இருந்தது அத்தனையும். தண்டர்பேர்டை முதலில் மூடச் சொன்னாள், புது ப்ரொஃபைலுக்குள் பழையதைக் கொட்டினாள், திறந்தாள். இடது பக்கம் வருஷவாரியாக என் ஃபோல்டர்கள், பாஸ்வேர்டுகூடக் கேட்காமல், வந்து வரிசையாக நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். காபி டம்ளரோடு வந்து என் பின்னால் நின்றாள். கூப்பிட்டிருக்க வேண்டாம்.

இன்பாக்ஸ் மட்டும் வெறுமையாகத் தெரிந்தது. "ஃபைல் உயிரோட இருக்கான்னு பாத்துக்கிட்டு இண்டெக்ஸைத் திருப்பிக் கட்டிரலாம் மாமா" என்று, அந்த இன்பாக்ஸ் கோப்பை அப்படியே நோட்பேடில் திறந்தாள். பதினெட்டு வருஷத்து இன்பாக்ஸ் என்பது ஒரே ஒரு நீளமான எழுத்துக்கோப்பு, கடிதத்தின் வாலில் அடுத்த கடிதம் கட்டி, சரவெடி மாதிரி. தமிழ்க் கடிதங்களும் படங்களும் குறிகளாக மாற்றித்தான் உள்ளே இருக்குமாம். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் எண்ணும் குப்பையாக ஓடின. அவள் ஸ்க்ரோல் பட்டையைப் பிடித்து இழுத்து, நடுவில் எங்கேயோ விட்டாள். அந்தக் குப்பைக்கு மத்தியில் பத்து வரி மட்டும் பளிச்சென்று படிக்கிற மாதிரி இருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிற ஆள் எழுதியது. அப்படி அடிக்கிறவர் எங்கள் உறவில் ஒருத்தர்தான்.

"'அத்தான், நலம். அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்'" என்று அவள் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். நல்ல பிள்ளை, உச்சரிப்பும் சுத்தம். "'தீபாவளிக்குப் பட்டாசுக் கடை போடலாம் என்று இருக்கிறேன். ஐம்பதாயிரம் இருந்தால் நல்லது. அடுத்த ஆவணிக்குள் திருப்பி...' இது 2019 மாமா."

2019-இல் என் மைத்துனர் என்னிடம் பணம் கேட்டு மெயில் போட்டேன் என்றார். மெயிலே வரவில்லை என்றேன். ஆறு வருஷமாக அதையேதான் சொல்லிவருகிறேன். என் பக்கத்திலும் நியாயம் உண்டு. 2018 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும், தீபாவளியன்று ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை மட்டும் என்று கட்டுப்பாடு போட்டது. சிவகாசியில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்த நேரத்தில் பட்டாசுக் கடைக்கு யார் பணம் கொடுப்பார்கள்? இதை அவரிடமே சொல்லியிருக்கலாம். டெலிட் செய்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன்.

"டெலிட் பண்ணாலும் ஃபைல்ல இருந்து போகாது மாமா" என்று அந்தப் பெண் எனக்குப் பாடம் எடுத்தது. "டெலிட் பண்ணதுன்னு ஒரு அடையாளம் மட்டும் போடும். காம்பேக்ட் கொடுத்தாத்தான் நெசமா அழியும். நீங்க காம்பேக்ட்டே பண்ணதில்ல போல."

தண்டர்பேர்ட் என்னை எத்தனையோ முறை கேட்டது உண்மை. ஏதாவது போய்விடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு முறையும் 'வேண்டாம்' கொடுத்திருந்தேன்.

என் பின்னால் டம்ளர் மேஜையில் வைக்கப்பட்டது. மெதுவாகத்தான் வைத்தாள்.

இண்டெக்ஸ் திருப்பிக் கட்டியாயிற்று. இன்பாக்ஸ் வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கும் அவள் வீட்டுக்கும் எண்ணெய்ப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது அவள் கடைசி வேலையில் இருந்தாள்.

"இடம் நெறைய அடைச்சுக்கிட்டிருக்கு. இப்ப காம்பேக்ட் பண்ணிரவா மாமா?"

"பண்ணிரும்மா" என்றேன், கொஞ்சம் அவசரமாகவே.

"வேண்டாம்" என்றாள் என் மனைவி. "அது அப்படியே இருக்கட்டும். அதுல இருந்து ஒரு காப்பி எனக்கு எடுத்துக் குடு."

இப்போது ஃபோர்மேன் சொன்னபடி எல்லாம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று கம்ப்யூட்டரில். இன்னொன்று பென்டிரைவில், அவள் பீரோவில், நகைப்பெட்டிக்கு அடியில். சாவி அவளிடம். தீபாவளிக்கு மைத்துனர் குடும்பத்தோடு வந்திருந்தார். கை நனைத்துவிட்டு உட்கார்ந்ததும், "அத்தான், இப்பல்லாம் மெயில் ஒழுங்கா வருதா?" என்று கேட்டார்.